ஓர் அட்டை, பல கணக்குகள்: பெட்டகம் யார் கையில்?

2013 நவம்பர் நடுவில், சான் பிரான்சிஸ்கோவைச் சேர்ந்த ‘காயின்’ என்ற சிறு நிறுவனம் ஓர் அட்டையை அறிவித்தது. பணப்பையை அடைத்துக்கொண்டிருக்கும் கிரெடிட் கார்டு, டெபிட் கார்டு, பரிசு அட்டை ஆகியவற்றில் எட்டு வரை அந்த ஒன்றுக்குள் அடக்கிவிடலாம். எந்தக் கணக்கிலிருந்து பணம் போக வேண்டும் என்பதை ஒரு பொத்தானை அழுத்தித் தேர்ந்தெடுக்கலாம். முன்பதிவு விலை 50 டாலர். அதே மாதம் 27-ஆம் தேதி தொடங்கி டிசம்பர் 15 வரை, அமெரிக்காவின் ‘டார்கெட்’ கடைகளில் தேய்க்கப்பட்ட சுமார் 4 கோடி அட்டைகளின் விவரங்கள் திருடு போயின. கல்லாக் கருவிகளுக்குள் திருட்டு மென்பொருள் புகுந்திருந்தது.

இந்த இரண்டு செய்திகளுக்கும் வேர் ஒன்றுதான். அட்டையின் முதுகில் உள்ள காந்தப் பட்டையில் பதிந்திருப்பவை என்றும் மாறாத எண்கள். அவற்றைப் படித்தெடுத்த யாரும் வேறொரு பட்டையில் அப்படியே எழுதிவிடலாம். எட்டு அட்டைகளைக் காயின் ஒன்றாக்கியது இந்தத் தன்மையை நம்பித்தான். டார்கெட்டில் கைவைத்தவர்கள் திருடிய விவரங்களை விலைக்கு விற்க முடிந்ததும் இதே தன்மையால்தான். நகல் எடுத்துச் சேர்க்கிற வழி எதுவானாலும் அது திருடனுக்கும் திறந்தே இருக்கிறது. பல கணக்குகளை ஓர் அட்டையில் கொண்டுவரும் முயற்சிகளை எடைபோட இதுவே முதல் அளவுகோல்.

காயினைச் சாய்த்தது சில்லு. சில்லு பதித்த அட்டைக்குள் ஒரு ரகசியச் சாவி இருக்கிறது. அது ஒருபோதும் வெளியே வருவதில்லை. ஒவ்வொரு முறை பணம் செலுத்தும்போதும், அந்தச் சாவியைக் கொண்டு அந்த ஒரு பரிவர்த்தனைக்கு மட்டுமே பொருந்தும் மறைகுறி ஒன்றைச் சில்லு உருவாக்கித் தருகிறது. நேற்றைய மறைகுறியைத் திருடி வைத்திருப்பவனுக்கு இன்று அதனால் பயனில்லை. பிரான்ஸ் சில்லு அட்டையை 1990-களின் தொடக்கத்திலேயே நாடு முழுவதும் கொண்டுவந்துவிட்டது. அமெரிக்கா 2015 அக்டோபர் 1 வரை இழுத்தடித்தது. அன்றுமுதல், சில்லைப் படிக்கும் கருவி வைக்காத கடை, போலி அட்டையால் வரும் இழப்பைத் தானே சுமக்க வேண்டும் என்ற விதி நடப்புக்கு வந்தது. பட்டையை நகலெடுக்கத் தெரிந்த காயினால் சில்லை நகலெடுக்க முடியாது, முடியவும் கூடாது. 2016 மே மாதம் ஃபிட்பிட் நிறுவனம் அதன் தொழில்நுட்பத்தை வாங்கியது. 2017 பிப்ரவரியில் காயின் சேவை முற்றாக நின்றது. இருபது அட்டைகளைச் சேர்த்துத் தருவதாகச் சொல்லி 90 லட்சம் டாலருக்கு மேல் முன்பணம் வாங்கிய ‘பிளாஸ்ட்க்’, ஓர் அட்டையைக்கூட வாடிக்கையாளரிடம் சேர்க்காமல் 2017 ஏப்ரலில் கடையைக் கட்டியது. அந்தப் பணத்தைக் கொடுத்தவர்கள் எளிய பயனாளர்கள் என்பதை மறக்கக் கூடாது.

இந்தியாவும் காந்தப் பட்டைக்காக நிறையவே இழந்தது. 2016-இல் சுமார் 32 லட்சம் டெபிட் கார்டுகளின் பாதுகாப்பு கேள்விக்குள்ளாகி, வங்கிகள் பெருமளவில் புதிய அட்டைகளை அனுப்ப நேர்ந்தது. 2018 ஆகஸ்டில் புனேயின் காஸ்மாஸ் கூட்டுறவு வங்கியின் ஏடிஎம் கட்டமைப்புக்குள் ஊடுருவியவர்கள், போலி அட்டைகளை வைத்து 28 நாடுகளில் பணம் எடுத்தார்கள். வங்கிகளுக்கிடையே பணமாற்றத்துக்கு உதவும் ஸ்விஃப்ட் அமைப்பின் வழியாகப் போனதையும் சேர்த்தால் இழப்பு 94 கோடி ரூபாய்க்கு மேல். அந்த ஆண்டு டிசம்பர் 31-க்குள் சில்லு இல்லாத அட்டைகளையெல்லாம் மாற்றித் தருமாறு ரிசர்வ் வங்கி விதித்திருந்த கெடு எவ்வளவு அவசியமானது என்பதை இச்சம்பவம் காட்டியது.

ஆனால் சில்லு காப்பது கடையின் கல்லாவை மட்டும்தான். இணையத்தில் பொருள் வாங்கும்போது சில்லுக்கு வேலையே இல்லை. பல தளங்களில் பதினாறு இலக்க எண்ணும் காலாவதித் தேதியும் போதும். ஒரு வணிகத் தளம் அந்த எண்ணைச் சேமித்து வைத்திருந்தால், தளம் உடையும் நாளில் எண்ணும் போய்விடும். இந்த இடத்தில்தான் டோக்கன் வருகிறது.

கோயில் வாசலில் செருப்பை வைத்துவிட்டு வாங்கும் டோக்கனை நினைத்துக்கொள்ளலாம். அதில் உள்ள எண்ணுக்கும் செருப்பின் அளவுக்கும் நிறத்துக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. எந்த எண் எந்தச் செருப்பு என்பது அங்கே வைப்பவருக்குத்தான் தெரியும். வேறு கோயிலில் அதை நீட்டினால் எதுவும் கிடைக்காது. அட்டை டோக்கனும் இப்படித்தான். உண்மையான அட்டை எண்ணுக்குப் பதிலாக இன்னொரு பதினாறு இலக்க எண் கொடுக்கப்படுகிறது. பார்வைக்கு அது அட்டை எண் போலவே இருக்கும். கடைசி இலக்கத்தை வைத்து எண் சரியா என்று பார்க்கும் கணக்குச் சோதனையிலும் தேறும். எனவே பழைய கருவிகளும் மென்பொருள்களும் அதைத் தடையில்லாமல் ஏற்றுக்கொள்கின்றன. எந்த டோக்கன் எந்த அட்டைக்கு உரியது என்ற பதிவு ‘பெட்டகம்’ எனப்படும் தரவுக் கிடங்கில் இருக்கிறது. எண்ணைச் சங்கேதமாக மாற்றும் மறையீட்டில், சாவி கிடைத்தவன் எண்ணைப் பிரித்தெடுத்துவிடுவான். பெட்டகத்தில் வைக்கும் டோக்கனிலோ பிரித்தெடுக்க எதுவுமே இல்லை, பெட்டகத்தைத்தான் உடைக்க வேண்டும்.

செருப்பு டோக்கனைக் கண்டெடுத்தவன் அதே கோயிலில் அதை நீட்டினால் செருப்பு போய்விடும் அல்லவா? அந்த ஓட்டையையும் அடைத்திருக்கிறார்கள். ஒரு டோக்கன் குறிப்பிட்ட ஒரு கைப்பேசிக்கோ குறிப்பிட்ட ஒரு வணிகருக்கோ மட்டும் செல்லும்படி கட்டப்பட்டிருக்கும். அதோடு, சில்லு செய்வது போலவே பரிவர்த்தனைக்கு ஒரு மறைகுறியும் சேர்ந்து போகும். அட்டை நிறுவனங்களின் கூட்டமைப்பான ஈஎம்விகோ, 2014 மார்ச்சில் இதற்கான பொது வரையறையை வெளியிட்டது. அதே ஆண்டு அக்டோபர் 20-இல் ஆப்பிள் பே வந்தபோது டோக்கன் முதல்முறையாகப் பெரும் எண்ணிக்கையிலான மக்களின் கைக்குப் போனது. பத்தே ஆண்டுகளில், தான் வழங்கிய டோக்கன்கள் ஆயிரம் கோடியை எட்டிவிட்டதாக விசா அறிவித்தது.

டோக்கனின் இன்னொரு குணத்தை வந்த புதிதில் பலர் கவனிக்கவில்லை. அது ஒரு கணக்கைச் சுட்டிக்காட்டுகிறது, அவ்வளவுதான். சுட்டுவதை வேறு கணக்கின் பக்கம் திருப்பினால் கடைக்காரருக்கு எந்த மாற்றமும் தெரியாது. காயின் நகலெடுத்துச் செய்ய முயன்றதை, நகலே இல்லாமல் செய்யும் வழி இதில் இருக்கிறது. ‘ஓர் அட்டை, பல கணக்கு’ என்று இன்று விற்கப்படுவதெல்லாம் இந்தத் திருப்பத்தின் வெவ்வேறு வடிவங்களே. அந்தத் திருப்பத்தை யார் செய்கிறார் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

இடைத்தரகர் செய்யும் வடிவத்துக்கு லண்டனின் ‘கர்வ்’ நல்ல எடுத்துக்காட்டு. 2016-இல் தொடங்கிய இந்நிறுவனம் ஒரு மாஸ்டர்கார்டைத் தருகிறது. உங்கள் மற்ற அட்டைகளையெல்லாம் அதன் செயலியில் பதிந்துகொள்ளலாம். கடையில் கர்வ் அட்டையை நீட்டினால், கடைக்காரருக்குக் கர்வ் பணம் தருகிறது. அதே நொடியில், நீங்கள் தேர்ந்தெடுத்த அட்டையிலிருந்து அந்தத் தொகையைத் தான் எடுத்துக்கொள்கிறது. முடிந்துபோன செலவைக்கூடச் சில நாட்களுக்குள் வேறு அட்டைக்கு மாற்றிவிடலாம். கேட்க அழகாக இருக்கிறது, பலருக்குப் பயன்பட்டும் இருக்கிறது. ஆனால் நடுவில் ஒரு கண்ணி கூடிவிடுகிறது. பிரிட்டனில் 1974-ஆம் ஆண்டின் நுகர்வோர் கடன் சட்டம், 75-ஆம் பிரிவில், 100 பவுண்டுக்கு மேல் 30,000 பவுண்டு வரை விலையுள்ள பொருளைக் கிரெடிட் கார்டில் வாங்கி ஏமாந்தால், கடைக்காரரோடு சேர்ந்து வங்கியும் பொறுப்பேற்க வேண்டும் என்கிறது. வாங்குபவர், விற்பவர், கடன் தருபவர் ஆகிய மூவரும் நேரடியாகத் தொடர்பில் இருக்க வேண்டும் என்பது அதற்கு அடிப்படை. நடுவில் தரகர் வந்ததும் அந்தத் தொடர்பு அறுகிறது. கர்வ் தானாகவே ஒரு பாதுகாப்புத் திட்டம் தந்தது உண்மை. ஆனாலும் சட்டம் தரும் உரிமையும் ஒரு நிறுவனம் விரும்பித் தரும் சலுகையும் சமமாகிவிடாது.

தரகர் தன் காலில் நிற்பவரும் அல்லர். 2019 ஜனவரியில் அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் அட்டையையும் சேர்க்கலாம் என்று கர்வ் அறிவித்த 36 மணி நேரத்தில், அந்த நிறுவனம் இணைப்பைத் துண்டித்தது. 2020 ஜூனில் ஜெர்மனியின் வயர்கார்டு நிறுவனம் கணக்கு மோசடியில் சிக்கித் திவாலானது. அதன் பிரிட்டன் கிளையின் செயல்பாடுகளை அந்நாட்டு நிதி ஒழுங்காற்று ஆணையம் 26-ஆம் தேதி முடக்கியது. கர்வ் அட்டைகள் அந்தக் கிளையை நம்பித்தான் ஓடிக்கொண்டிருந்தன. ஐந்தாறு வங்கிகளில் பத்திரமாகப் பணம் வைத்திருந்தவர்களும், அந்த ஓர் அட்டையை மட்டும் எடுத்துக்கொண்டு வெளியே வந்திருந்தால், கடையில் கையைப் பிசைய வேண்டியதாயிற்று. எல்லாவற்றுக்கும் ஒரே வாசல் வைத்தால், வாசல் அடைபடும்போது எல்லாமே அடைபடுகிறது. இதற்கு டோக்கனால் மருந்து கிடையாது.

வங்கியே செய்யும் வடிவம் இதைவிட எளிது. இண்டஸ்இண்ட் வங்கி 2018-இல் ஒரே பிளாஸ்டிக்கில் டெபிட், கிரெடிட் இரண்டுக்கும் தனித்தனிச் சில்லும் தனித்தனிப் பட்டையும் வைத்து ‘டுவோ’ அட்டையைத் தந்தது. அதே ஆண்டு ‘நெக்ஸ்ட்’ என்ற பெயரில் பொத்தான்கள் பதித்த கிரெடிட் கார்டையும் வெளியிட்டது. ஒரு பொத்தானை அழுத்தினால் சாதாரணக் கடன், இன்னொன்றை அழுத்தினால் மாதத் தவணை, மற்றொன்றை அழுத்தினால் சேர்ந்திருக்கும் பரிசுப் புள்ளிகளிலிருந்து கழிவு. இங்கே தரகர் இல்லை. குறை வந்தால் போய்க் கேட்க ஒரே இடம்தான். ஒரே வங்கிக்குள் அடங்கிவிடுவது இதன் எல்லை. இரண்டு வங்கிகளில் கணக்கு வைத்திருப்பவருக்கு இது உதவாது.

விசா போன்ற அட்டை வலையமைப்பே செய்யும் வடிவம்தான் இப்போது வேகம் பிடித்திருக்கிறது. ஜப்பானின் சுமிதோமோ மிட்சுய் வங்கி 2023 மார்ச்சில் ‘ஆலிவ்’ என்ற சேவையைத் தொடங்கியது. ஒரே விசா அட்டையை டெபிட்டாகவோ, கிரெடிட்டாகவோ, புள்ளிகளிலிருந்து செலவிடும் அட்டையாகவோ செயலியில் மாற்றிக்கொள்ளலாம். 2024 மே மாதம் விசா இதைப் பல நாடுகளுக்கும் கொண்டுபோவதாக அறிவித்தது. ஒரு தொகைக்குக் கீழே போனால் சேமிப்புக் கணக்கு, மேலே போனால் தவணைக் கடன் என்று முன்கூட்டியே விதி எழுதி வைத்துவிடலாம்.

இந்த வடிவம் தொழில்நுட்பத்தில் மிகத் திடமானது என்பதில் எனக்கு ஐயமில்லை. என் கவலை வேறு. கையில் இருக்கும் பணத்தைச் செலவழிக்கிறோமா, கடன் வாங்குகிறோமா என்ற தெளிவைத் தனித்தனி அட்டைகள் ஓரளவு தந்துவந்தன. அந்தக் கோடு அழிந்தால், மாதக் கடைசியில் பட்டியல் வரும்போதுதான் கடன் கண்ணில் படும். இத்தகைய அட்டை இங்கே பரவும் நாளில், சொல்லாவிட்டால் சேமிப்புக் கணக்கு என்பதே இயல்நிலையாக இருக்க வேண்டும். கடனைத் தேர்ந்தெடுப்பது பயனாளரின் தனிச் செயலாக இருக்க வேண்டும். கடைக்காரருக்கும் இதில் பங்கு உண்டு. கிரெடிட் கார்டு என்றால் அவர் கட்டணம் தருகிறார். ரூபே டெபிட் கார்டுக்கும், வங்கிக் கணக்கிலிருந்து போகும் யுபிஐ பரிவர்த்தனைக்கும் 2020 ஜனவரி முதல் அந்தக் கட்டணம் கிடையாது. ஒரே அட்டை இரண்டு வேடம் போடுமானால், எந்த வேடத்தில் வந்தது என்று அவருக்கும் சொல்லியாக வேண்டும்.

யுபிஐயையும் இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும். 2016 ஏப்ரலில் அறிமுகமான அது அட்டையே இல்லாமல் இதே காரியத்தைச் செய்துகொண்டிருக்கிறது. ஒரே செயலியில் பல வங்கிக் கணக்குகள். வெளியே காட்டுவது ஒரு முகவரியை மட்டும். கணக்கு எண் எதிராளிக்குத் தெரிவதில்லை. 2022 முதல் ரூபே கிரெடிட் கார்டும் உள்ளே வந்துவிட்டது. ஈஎம்விகோ சொல்லும் பொருளில் இது டோக்கன் ஆகாது, ஆனால் வேலை ஒன்றுதான். குறை ஒன்று உண்டு. பெரும்பாலான முகவரிகள் கைப்பேசி எண்ணையே தாங்கி நிற்கின்றன. கணக்கு எண்ணை மறைத்துவிட்டு, அதைவிடத் தனிப்பட்ட ஒன்றைக் கடைதோறும் விட்டுவருகிறோம். எண் இல்லாத முகவரி ஒன்றை உருவாக்கிக்கொள்ள யுபிஐயில் இடமிருக்கிறது. குறிப்பாகப் பெண்கள் அதைப் பயன்படுத்த வேண்டும் என்று அழுத்திச் சொல்வேன்.

டோக்கனைச் சட்டமாகவே ஆக்கியதில் இந்திய ரிசர்வ் வங்கி உலகத்துக்கு முன்னே நிற்கிறது. 2019 ஜனவரியில் கைப்பேசிக்கும் டேப்லெட்டுக்கும் டோக்கன் அனுமதிக்கப்பட்டது. வணிகத் தளங்கள் அட்டை எண்ணைச் சேமிக்கக் கூடாது என்ற விதி 2020 மார்ச்சில் வந்தது. சேமித்த எண்ணுக்கு மாற்றாக டோக்கனைப் பயன்படுத்தலாம் என்ற ஏற்பாடு 2021 செப்டம்பரில் சேர்ந்தது. வணிகர்கள் அவகாசம் கேட்க, கெடு தள்ளிப்போய்த் தள்ளிப்போய், 2022 அக்டோபர் 1 முதல் விதி முழுமையாக நடைமுறைக்கு வந்தது. வணிகரிடம் இப்போது மிஞ்சுவது, கணக்குச் சரிபார்ப்புக்காக அட்டையின் கடைசி நான்கு இலக்கங்களும் வங்கியின் பெயரும்தான். அந்த ஆண்டு ஜூன் மாதத்தில் 19.5 கோடியாக இருந்த டோக்கன்கள், 2023 அக்டோபரில் 56 கோடியைத் தாண்டின. அவற்றின் வழியே 5 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல் புழங்கியிருந்தது. 2023 டிசம்பரில், தளம் தளமாகப் போகாமல் வங்கியிடமிருந்தே பல வணிகர்களுக்கும் சேர்த்து டோக்கன் உருவாக்கிக்கொள்ளவும் வழி பிறந்தது.

இந்த விதிகளில் ஒரு சிறு வரி உண்டு. அட்டை புதுப்பிக்கப்பட்டாலோ மாற்றப்பட்டாலோ, பழைய டோக்கன்களைப் புதிய அட்டையோடு இணைக்க வாடிக்கையாளரிடம் வங்கி வெளிப்படையான ஒப்புதல் பெற வேண்டும். அப்போது பலருக்கு இது வீண் தொல்லையாகத் தெரிந்தது. அதன் அருமையை 2024-இல் வெளிவந்த ஓர் ஆய்வு உணர்த்தியது. மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் ஆமெர்ஸ்ட் வளாகத்தையும் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தையும் சேர்ந்த ஆய்வாளர்கள், அமெரிக்க வங்கிகளையும் கைப்பேசிப் பணப்பைகளையும் சோதித்தார்கள். திருடிய அட்டை எண்ணை ஒருவன் தன் கைப்பேசிப் பணப்பையில் சேர்த்துவிடுகிறான் என்று வையுங்கள். அட்டை தொலைந்தது என்று உரியவர் சொன்னதும் வங்கி அதை ரத்து செய்து புதிய அட்டை தருகிறது. ஆனால் அவன் கையில் உள்ள டோக்கனைப் புதிய அட்டையோடு வங்கியே சத்தமில்லாமல் இணைத்துவிடுகிறது. திருடன் வாங்கிக்கொண்டே இருக்கிறான். வாடிக்கையாளருக்குச் சிரமம் வரக் கூடாது என்ற நல்லெண்ணமே ஓட்டையாகிவிட்டது. இந்தக் காரணத்தால், ஒப்புதல் கேட்கும் விதியைத் தளர்த்தச் சொல்லி எந்தக் குரல் எழுந்தாலும் ரிசர்வ் வங்கி செவிசாய்க்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

இந்த ஆய்வு இன்னொன்றையும் சொல்கிறது. டோக்கன் அமைப்பின் பலவீனமான இடம், அது பிறக்கும் நொடி. பிறந்த பிறகு அதைத் திருடுவது கடினம். பிறக்கும்போது, கேட்பவர் உண்மையான உரிமையாளரா என்று வங்கி சரியாகப் பார்க்காவிட்டால், திருடனுக்கே பாதுகாப்பான டோக்கன் கிடைத்துவிடும். ஆப்பிள் பே வந்த சில மாதங்களிலேயே இது நடந்தது. ‘உங்கள் பார்சல் நிற்கிறது, சிறு கட்டணம் செலுத்துங்கள்’ என்று குறுஞ்செய்தி அனுப்பி, அட்டை எண்ணையும் ஓடிபியையும் வாங்கி, தொலைதூரத்தில் ஒரு கைப்பேசிப் பணப்பையில் அட்டையைச் சேர்த்துவிடும் கும்பல்கள் இன்று பல நாடுகளில் இயங்குகின்றன. பல கணக்குகள் ஒரே அட்டைக்குப் பின்னால் இருந்தால், ஓர் ஓடிபி எத்தனை கதவுகளைத் திறக்கும் என்பதை வங்கிகள் யோசிக்க வேண்டும். புதிய டோக்கனுக்கான ஓடிபி செய்தியில், அது பணம் செலுத்துவதற்கு அல்ல, அட்டையை ஒரு கருவியில் சேர்ப்பதற்கு என்பது தமிழில், முதல் வரியிலேயே இருக்க வேண்டும்.

கடைசியாக, பெட்டகம். எண்கள் ஆயிரம் கடைகளில் சிதறிக் கிடந்தது ஆபத்து. இப்போது அவை ஒருசில பெட்டகங்களில் குவிந்திருக்கின்றன. அவை கடைகளைவிடப் பலமடங்கு காவல் உள்ளவை என்பது உண்மைதான். ஆனால் பெட்டகம் வைத்திருப்பவருக்கு அதிகாரமும் வந்துவிடுகிறது. அமெரிக்கச் சட்டப்படி, டெபிட் கார்டுப் பரிவர்த்தனையை எந்த வலையமைப்பின் வழியே அனுப்புவது என்று தேர்ந்தெடுக்கும் உரிமை வணிகருக்கு உண்டு. கைப்பேசிப் பணப்பையில் உள்ள டோக்கனை மாஸ்டர்கார்டு தன் பெட்டகத்தில் வைத்துக்கொண்டு, போட்டி வலையமைப்புகளுக்கு உண்மை எண்ணைத் தராமல் மறுத்ததால், இணையக் கடைகளில் அந்த உரிமை காகிதத்தோடு நின்றது. 2022 டிசம்பரில் அமெரிக்க மத்திய வணிக ஆணையம் தலையிட்டு, எண்ணைத் தர வேண்டும் என்று ஆணையிட நேர்ந்தது. பாதுகாப்புக்காகக் கட்டிய சுவரே போட்டியைத் தடுக்கும் சுவராக முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. இந்தியாவில் வங்கிகளும் டோக்கன் வழங்கலாம் என்று 2021-இலேயே ரிசர்வ் வங்கி வைத்த ஏற்பாடு, இந்தக் குவிப்புக்கு ஒரு நல்ல மாற்று. அதை வங்கிகள் முழுமையாகப் பயன்படுத்த வேண்டும்.

இந்த முயற்சிகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒரு முடிவுக்கு வர முடிகிறது. நகலெடுத்த அட்டைகள் தோற்றன, தோற்றது நல்லதே. தரகரின் அட்டை வசதியானது, ஆனால் குறை தீர்க்க நிற்கும் இடம் தெளிவில்லாதது. வங்கியோ வலையமைப்போ டோக்கன் வழியே தரும் அட்டைதான் நிலைக்கும். அதிலும் எந்தக் கணக்கு என்பதைப் பயனாளர் தெரிந்தே தேர்ந்தெடுக்கும் வடிவமே ஏற்கத் தக்கது.

உங்கள் அட்டைக்கு எந்தெந்த வணிகத் தளங்களில் டோக்கன் இருக்கிறது என்ற பட்டியலை உங்களுக்குக் காட்டவும், வேண்டாததை நீக்கவும் ஒவ்வொரு வங்கியும் வசதி செய்து தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. கைப்பேசிச் செயலி, இணைய வங்கி, தொலைபேசிக் குரல் சேவை, கிளை அலுவலகம் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்றில் அது இருந்தாக வேண்டும். இன்றே ஒருமுறை அந்தப் பட்டியலைத் திறந்து பாருங்கள். நினைவில் இல்லாத பெயர் இருந்தால் நீக்குங்கள். பட்டியல் எங்கே இருக்கிறது என்று தெரியாவிட்டால் வங்கியைக் கேளுங்கள். பதில் சொல்வது அவர்கள் கடமை.